காரைக்குடிக்கு வரும் ஒன்றரை வயதுப் பயணி

நெடும் விமானப் பயணத்தை அடங்காத பிள்ளையோடு கடப்பது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு மார்கழிக் கையேடு

மார்கழி நெருங்கினால் செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். முகப்பில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார்கள். வளவைக் கூட்டி, ஆத்தங்குடிக் கல்லைத் துடைத்து, பித்தளைப் பாத்திரங்களுக்குப் புளி போட்டு விளக்குவார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து வரும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகப் பேரனுக்குச் சூப்பிடி, பேத்திக்குத் திருவாதிரைப் புதுமை என்று விசேஷங்கள் வேறு.

வீடு தயார். சமையலுக்கு ஆள் தயார். வருகிறவர்களில் ஒருவர் மட்டும் எதற்கும் தயாராக இல்லை. அவருக்கு வயது ஒன்றரை. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் ஓர் இடத்தில் உட்கார்ந்த பழக்கம் அவருக்கு இல்லை. பெல்ட்டை மாட்டினால் முதுகை வளைத்துக்கொண்டு கீழே இறங்கப் பார்ப்பார். நியூ ஜெர்சியிலிருந்து காரைக்குடிக்கு அவரை அழைத்து வரவேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே காத்திருப்பு மூன்று மணி. துபாய்க்கோ தோஹாவுக்கோ பன்னிரண்டு, பதின்மூன்று மணி. விமானம் மாற மூன்று மணி. சென்னைக்கு நான்கு, நாலரை மணி. குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் இரண்டு மணி. பிறகு நானூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஏழு மணி. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 33 மணி நேரம்!

கப்பல் காலத்துத் தீர்வு

இந்த ஊருக்கு நெடும்பயணம் புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கடல் கடந்து லேவாதேவி செய்தவர்கள் நகரத்தார். கடையில் வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு எழுதினால் மூன்று ஆண்டுக் கணக்கு. அப்படிக் கடல் கடந்து தொழிலுக்கு, அதாவது கொண்டுவிக்கப் போனவர் திரும்பி வரும்போது, கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை வளவில் ஓடிக்கொண்டிருக்கும். பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள்.

1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். நெரிசலும் வாந்தியும் உண்டுதான். ஆனாலும் மேல்தளத்தில் குழந்தை நடக்கலாம், விளையாடலாம். 1973-இல் ரஜுலா ஓய்வு பெற்றது. அடுத்து வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்துபோனது. அதன் பிறகு எல்லோருக்கும் விமானம்தான். ஓர் இருக்கை, ஒரு பெல்ட்.

பிள்ளையோடு நெடும்பயணம் போகும் சிக்கலை அன்றைக்குத் தீர்த்த விதம் எளிது. பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். ஆத்தா, அப்பத்தா, ஆயா, அயித்தை, பெரியாத்தா என்று வளவில் பத்துக் கைகள் இருந்தன. ஒரு கை ஓய்ந்தால் இன்னொரு கை வாங்கிக்கொள்ளும். இன்று நிலைமை தலைகீழ். பிள்ளை அங்கே பிறக்கிறது, வீடு இங்கே நிற்கிறது. இரண்டையும் சேர்க்கப் பறந்தாக வேண்டும். பத்துக் கைகளில் மாறிமாறி இருக்கவேண்டிய வயதை, இரண்டே கைகளோடு ஓர் இருக்கைக்குள் கழிக்கச் சொல்கிறோம். அதனால், பிள்ளை படுத்துகிறது என்பதைவிடக் கைகள் போதவில்லை என்பதே சரி. இந்தக் கட்டுரையில் வரும் யோசனைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கைகளைக் கூட்டும் வழிகள்தான்.

நடுவில் மாட்டிய வயது

ஆறு மாதக் குழந்தையோடு பறப்பது ஒப்பீட்டில் சுலபம். பால், தூக்கம், மறுபடி பால். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்லலாம், பேரம் பேசலாம். நடுவில் இருக்கும் ஒன்று முதல் மூன்று வயதுதான் கடினம். நடக்கக் கற்ற கால் நிற்க மறுக்கும். வேண்டியதைச் சொல்ல வார்த்தை போதாது, அதனால் அழுகையாகச் சொல்லும். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்பதற்கு அந்த வயதில் எந்தப் பொருளும் இல்லை.

விமான நிறுவனங்களின் ஏற்பாடுகளும் இந்த வயதை விட்டுவிடுகின்றன. முன்சுவரில் மாட்டித் தரும் பாசினெட் தொட்டிலுக்குப் பல நிறுவனங்களில் எடை வரம்பு 10, 11 கிலோதான். ஒன்றரை வயதுப் பிள்ளையின் சராசரி எடையே அதுதான். எடை பொருந்தினாலும் கால் நீட்ட இடம் இருக்காது. குலுக்கல் வந்து பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கும் பிள்ளையை எடுத்து மடியில் கட்டவேண்டும்.

பெற்றோருக்குச் சாதகமான ஒரு கணக்கும் உண்டு. இந்த வயதில் ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 33 மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி, பிள்ளை இயல்பாகத் தூங்கவேண்டிய நேரம். அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றும்படி பயணத்தை அமைத்தால் மீதிப் பாதியைச் சமாளித்துவிடலாம்.

டிக்கெட் எடுக்கும்போதே

நீளமான கட்டத்தை இரவில் வையுங்கள். பிள்ளை வழக்கமாகத் தூங்கும் நேரத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பிந்தியோ கிளம்பும் விமானம் நல்லது. நூறு டாலர் குறைவு என்று காலை பத்து மணி விமானத்தைப் பிடித்தால், அந்த நூறு டாலரை நடைபாதையில் நடந்தே கழிக்கவேண்டியிருக்கும்.

நேரடி விமானமா, மாறிப் போவதா? பெரியவர்களுக்கு நேரடி வசதி. அடங்காத பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் ஒரே குழாய்க்குள் இருப்பதைவிட, நடுவில் மூன்று மணி நேரம் ஓடியாடக் கிடைப்பது பெரிய விடுதலை. தோஹாவில் பிரம்மாண்டமான மஞ்சள் கரடிப் பொம்மை நிற்கிறது. சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. அங்கே கடைகளைச் சுற்றாமல் பிள்ளையை ஓடவிடுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் விமானம் மாறும் டிக்கெட்டை மட்டும் எடுக்காதீர்கள். ஓடவேண்டியது பிள்ளை, நீங்கள் அல்ல.

எங்கே இறங்குவது என்பதும் முக்கியம். திருச்சியும் மதுரையும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். 2024 ஜனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்ட திருச்சிக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நகரங்களிலிருந்து விமானம் உண்டு. சென்னையில் இறங்கி ஏழு மணி நேரம் காரில் வருவதைவிட இது மேல். சென்னைதான் வழி என்றால் ஓர் இரவு தங்கி, மறுநாள் பிற்பகல் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். ரயிலில் பிள்ளை நடக்கவாவது முடியும்.

அடுத்தது வயதுக் கணக்கு. இரண்டு வயது நிறையாத பிள்ளை மடியில் வரலாம். சர்வதேசப் பயணத்தில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் வாங்குவார்கள். இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம், பல நிறுவனங்களில் முக்கால் கட்டணம். ஊருக்கு வந்த இடத்தில் இரண்டாவது பிறந்தநாள் கொண்டாடினால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுத்தாகவேண்டும். பலர் கடைசி நேரத்தில் கவனிக்கும் விஷயம் இது.

கையில் பணம் இருந்தால், இரண்டு வயதுக்கு முன்பே தனி இருக்கை எடுப்பது நல்லது. குலுக்கலில் மடிப்பிள்ளையைக் கையால் பிடித்துவைக்க முடியாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட குழந்தை இருக்கையில் கட்டி வைப்பதே பாதுகாப்பு என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். அந்தக் குழந்தை இருக்கை ஊரிலும் பயன்படும். திருச்சியிலிருந்து வரும் வாடகைக் காரில் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது. ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

கைப்பையில் என்ன?

• டயப்பர்: பயண நேரத்துக்குத் தேவையானதைப்போல் ஒன்றரை மடங்கு. விமானம் தாமதமாகும், வயிறும் சொல்லிக்கொண்டு கெடாது.

• மாற்றுடை: பிள்ளைக்கு மூன்று, பெற்றோர் இருவருக்கும் ஆளுக்கொரு சட்டை. வாந்தி எடுக்கும் பிள்ளை தன்மேல் மட்டும் எடுக்காது.

• பால், உணவு: 100 மில்லிலிட்டர் திரவ வரம்பு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. பயணத்துக்கு வேண்டிய அளவு கொண்டுபோகலாம். சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். இட்லி நல்ல துணை: கையில் பிடிக்கலாம், சிந்தாது, தொண்டையில் சிக்காது. வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்த மணகோலம் பெரியவர்களுக்கு மட்டும். சிறு பிள்ளைக்குக் கடலை மூச்சுக்குழாயில் போய்விடும்.

• விளையாட்டு: விலை உயர்ந்தது வேண்டாம், புதியது வேண்டும். பிள்ளையார்பட்டியில் விற்கும் மரச் சொப்புச் சாமானைப் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் ஒன்றில் போட்டு மூடிக் கொடுங்கள். திறந்து எடுப்பதும் மறுபடி போட்டு மூடுவதும் இந்த வயதுக்கு அலுக்காத விளையாட்டு. வாயில் போட்டு விழுங்கும் அளவுக்குச் சிறியவற்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

• திரும்பும்போது: ஆயா கட்டித் தரும் டப்பாக்களில் கொப்பரை இருக்கிறதா என்று பாருங்கள். தானே தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் அதற்கு விமானத்தில் அனுமதி இல்லை.

35,000 அடி உயரத்தில்

காரணமே தெரியாமல் பிள்ளை வீறிட்டு அழுதால் முதலில் காதைச் சந்தேகப்படுங்கள். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மலையிலிருந்து வத்தலக்குண்டுக்குக் காரில் இறங்கும்போது காது அடைக்கிறதே, அது இங்கே அரை மணி நேரத்துக்குள் நடக்கிறது. குழந்தையின் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகலாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால் அழுத்தம் எளிதில் சமனாகாது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். தரையிறங்குவதற்கு அரை மணி முன்பே பிள்ளையை எழுப்பி, பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கக் கொடுங்கள். சளியோ காதுவலியோ இருந்தால், கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உள்ளே காற்று மிகவும் உலர்ந்திருக்கும். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். குழந்தைகளுக்கான உணவை 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைத்தால் பல நிறுவனங்களில் பிள்ளைக்கு முதலில் பரிமாறுவார்கள். பால் புட்டியைச் சூடாக்க வெந்நீர் கேட்டால் பணிப்பெண்கள் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்களுடையவையும் கூடுதல் கைகள்தான்.

தாய், தகப்பன் இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளையோடு மல்லுக்கட்டுவது பலரும் செய்யும் தவறு. இருவரும் களைத்து, கடைசிக் கட்டத்தில் இருவரும் எரிந்து விழுவார்கள். ஏறியவுடன் முறை பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஒருவர் பொறுப்பு, மற்றவர் கண்ணை மூடியே ஆகவேண்டும். அப்பச்சியின் முறை வரும்போது ஆத்தா அருகில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லக் கூடாது.

தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளை இருக்கையில் தூங்காது. மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப் பையில் வைத்து மெல்ல நடந்தால் அந்த அணைப்பும் ஆட்டமும் ஓரளவு கிடைக்கும். செட்டிநாட்டில் தாலாட்டுத் தெரிந்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். ஆயாவைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்து, இணையம் இல்லாமலும் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பழகிய குரல் பாதி வேலையைச் செய்துவிடும்.

திரை காட்டலாமா? ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. அது அன்றாட வாழ்க்கைக்கான அறிவுரை. ஒரு நாள் பயணத்துக்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் ஏறியவுடன் திரையைக் கொடுத்தால் நான்கு மணி நேரத்தில் அதுவும் சலித்துவிடும், பிறகு கையில் எதுவும் இருக்காது. கடைசிச் சீட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். 'கொஞ்சம் சளி மருந்து கொடுத்துவிடு, தூங்கிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். தூக்கம் தரும் அலர்ஜி மருந்துகள் சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, பரபரப்பைக் கூட்டிவிடும். மிகச் சிறு பிள்ளைகளுக்கு மூச்சையே பாதிக்கலாம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று உறையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர்

பெற்றோரைப் பிள்ளையின் அழுகையைவிட அதிகம் வாட்டுவது பக்கத்து இருக்கைக்காரரின் முகம். குழந்தைகள் இல்லாத பகுதி வேண்டும் என்கிறவர்களுக்காக ஏர் ஏசியா எக்ஸும் ஸ்கூட்டும் 2013-லேயே தனி வரிசைகளை ஒதுக்கின. இண்டிகோ 2016-இல் அப்படி ஒன்றை அறிவித்தது. அமைதி தேவைப்படுகிறவர் கூடுதல் பணம் கொடுத்து அங்கே உட்காரலாம். மற்ற இருக்கைகளில் பிள்ளை அழத்தான் செய்யும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் விமானங்களில் ஏறிப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து இளைஞர்கள் பலர் இருப்பார்கள். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். அன்றைக்கு ரஜுலாவில் போனவர்களின் நிலைமை இவர்களுக்கு இன்னும் மாறவில்லை. குடும்பத்தை உடன் அழைத்துப்போக இவர்களுடைய விசாவும் சம்பளமும் இடம் கொடுப்பதில்லை. அழும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காமல், 'இங்க வாடா' என்று கை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

தாத்தா பாட்டி அழைத்து வரும்போது

பேறுகாலம் பார்க்க அமெரிக்கா போன ஆயாவும் ஐயாவும் திரும்பும்போது பேரனையும் கூட்டி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெற்றோர் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளை ஆறு மாதம் ஊரில் வளரட்டும் என்ற ஏற்பாடு. அன்பாகச் சொல்லவேண்டிய ஒன்று: 65 வயதுக்காரருக்கு இது மிகக் கடினமான பயணம். முழங்கால் வலியோடு நடைபாதையில் பிள்ளையைத் துரத்த முடியாது.

சக்கர நாற்காலி உதவியை முன்பே பதிவு செய்யுங்கள். விமானம் மாறும் இடத்தில் வழி தெரியாமல் அலையும் சிரமம் தீரும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை நோட்டரி சான்றோடு கொடுத்தனுப்புங்கள். பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட்டும், அங்கே பிறந்த பிள்ளையானால் ஓசிஐ அட்டையோ விசாவோ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொஞ்சம் பழகிய பிறகு அனுப்புங்கள். ஆயாவோடு ஒரு மாதமாவது ஒட்டி உறங்கியிராத பிள்ளை, வானத்தில் திடீரென்று ஒட்டிக்கொள்ளாது.

வீடு வந்த பிறகு

விமானம் இறங்கியதும் பயணம் முடிந்தது என்று நினைப்பது காரைக்குடி வீட்டுக்காரர்கள். டிசம்பரில் நியூ ஜெர்சிக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 8 மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு இங்கே காலை 6.30-க்குத் தூக்கம் சொக்கும். அங்கே காலை 6.30-க்கு எழும் பிள்ளை இங்கே மாலை 5 மணிக்குக் கண் விழிக்கும். பார்க்க உறவினர் வரும்போது தூங்கும், ஊர் தூங்கும்போது விளையாடும். உடம்பின் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். சரியாக ஒரு வாரத்துக்கு மேலாகலாம்.

ஆகவே, முதல் இரண்டு மூன்று நாள் எந்த விசேஷமும் வேண்டாம். குன்றக்குடியில் முடியிறக்கம், பிள்ளையார்பட்டி தரிசனம், குலக் கோயில் எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். பகலில் வெளிச்சம் படும்படி வளவில் விளையாடவிடுங்கள். பகல் தூக்கம் நீண்டால் இரண்டு மணி நேரத்தில் எழுப்புங்கள். நடுராத்திரி எழுந்தால் விளக்கைப் போட்டுக் கொண்டாடாமல், இருட்டிலேயே மெல்லப் பேசித் தட்டிக்கொடுங்கள். அந்த ராத்திரி முறையை ஐயாவும் அப்பத்தாவும் ஏற்றுக்கொண்டால், 33 மணி நேரம் தூங்காமல் வந்தவர்கள் தூங்குவார்கள்.

வீட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய வீடு, தவழும் பிள்ளையை நினைத்து அமைத்ததல்ல என்றாலும், அப்போது பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் இருந்தார்கள். இப்போது இரண்டு பேர்தான். கொல்லைக் கிணற்றுக்கு மூடி, செங்குத்தான மாடிப்படிக்குத் தடுப்பு, தண்ணீர் நிரம்பிய அண்டாவுக்குத் தட்டு, உயரமான நிலைப்படிக்கு அருகில் ஒரு பாய். விருந்துக்குப் பந்தல் போடும் முன் முடிக்கவேண்டிய வேலை இது.

வந்தவுடன் பிள்ளை ஆயாவிடம் வராமல் அழுதால் மனம் நோகவேண்டாம். கைப்பேசித் திரையில் சிரித்த முகம் நேரில் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தூக்கப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பாட்டுக்குச் சொப்பை அடுக்கிக்கொண்டிருங்கள். இரண்டு நாளில் அதுவே வந்து மடியில் ஏறும்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போவது சுலபமான வழி. அந்த வழியில் வளர்ந்த தலைமுறைகளுக்கு அப்பச்சி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. இன்றைக்குப் பெற்றோர் அந்தச் சுலபத்தை வேண்டாம் என்று சொல்லி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். விமானத்தில் நாம் கேட்கும் அழுகை அந்த முடிவின் விலை. அதில் கொஞ்சத்தை மற்றவர்களும் பகிர்ந்துகொள்ளலாம். இந்த மார்கழியில் உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பயணி ஏறினால், பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். 'நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன், நீங்க சாப்பிடுங்க' என்று சொல்லுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர்கள் சூடாகச் சாப்பிடும் முதல் சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.